கூட்டம் குறையணும் என்று எழுதிக் கொடுத்தோம்

மதுரையின் நடு ஊரைச் சீர்படுத்த என்ன செய்யலாம் என்று எந்த மதுரைக்காரரைக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். வண்டி நிறுத்த இடம் வேண்டும். நடைபாதையில் நடக்க வழி வேண்டும். மழை பெய்தால் சாக்கடையும் தெருவும் ஒன்றாகிவிடக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் முன்ன இந்தக் கூட்டத்தைக் குறைக்கணும்ங்க" என்று முடிப்பார். மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். என் அப்பா இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் ஒருநாளும் சைக்கிளை எடுத்ததில்லை.

2016-இல் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலுக்கு மனுப்போடும் நகரம் தன் மக்களிடம் கருத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்பாவின் வாக்கியத்தைத்தான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதன்பின் பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். மாசி வீதிகளில் சாலையும் வடிகாலும் புதிதாக வந்தன. வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்க அடுக்குமாடி எழும்பியது. கேட்டதில் பாதியாவது கிடைத்திருக்கிறது. அப்படியும், ஊருக்குப் போகிறபோதெல்லாம் நடு ஊரில் எதையோ தேடிக்கொண்டு நடக்கிறேன். யோசித்துப் பார்த்தால், நான் தேடுவது அப்பா குறைக்கச் சொன்ன அந்தக் கூட்டத்தைத்தான்.

பகலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் விளக்குத்தூண் பக்கம் போனால் காலைத் தரையில் ஊன்றவே வேண்டாம், பின்னால் வருகிறவர்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். ஆனால் அது வாங்க வருகிற கூட்டம். பையை நிரப்பிக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் வண்டியேறிவிடும். அங்கேயே உழைத்து, அங்கேயே தின்று, அங்கேயே தூண் மறைவில் படுத்து எழுந்த இன்னொரு கூட்டம் இருந்தது. அதைத்தான் காணோம்.

தூங்கா நகரம் என்பது மதுரையின் பட்டம். ஏதோ ஊரின் பிறவிக் குணம் போல அதை மேடைகளில் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்த மதுரை விழித்திருந்ததற்குக் காரணம் வேலை. ஹார்வி மில் என்று ஊரே சொன்ன மதுரை மில்லிலும் மற்ற பஞ்சாலைகளிலும் மூன்று ஷிப்டு ஓடியது. சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் பஞ்சு ஒட்டிய தலையோடு சைக்கிளில் வெளியே வரும். சென்ட்ரல் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரிகள் ராத்திரியில்தான் வரும். மூட்டை இறக்கி, கமிஷன் கடைகளில் விலை பேசி முடித்து, சில்லறை வியாபாரிகள் விடியுமுன் கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். பெரியார் நிலையத்திலும் பக்கத்திலிருந்த திருவள்ளுவர் நிலையத்திலும் வெளியூர் பஸ்கள் விடிய விடிய வந்து போகும். இதோடு இரண்டாவது ஆட்டம் விட்டு வருகிறவர்கள். இத்தனை பேருக்கும் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பசிக்குமே!

அந்தப் பசிக்குத்தான் வீதி முனைகளில் இட்லிப் பானைகள் ஏறின. எங்கள் சந்து முனையில் ஒரு அம்மா கடை போட்டிருந்தார். கடை என்றால் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பெஞ்சு, நாலு தூக்குவாளியில் சட்னியும் சாம்பாரும். தட்டை எடுத்துத் துணியோடு கவிழ்ப்பார். துணியின் முதுகில் விரலால் தண்ணீரைச் சுண்டுவார். ஒரு மூலையைப் பிடித்து உரித்தால் இட்லி ஒன்றுகூடக் கிழியாமல் ஆவியோடு உட்கார்ந்திருக்கும். ஷிப்டு முடிந்து வரும் அப்பா வாழையிலையில் கட்டி வாங்கிவருவார். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பித் தின்னக் கொடுக்கிற வழக்கம் எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. பாதித் தூக்கத்தில் தின்ற அந்த இட்லியைக் காலையில் கனவா நினைவா என்று நாங்கள் சண்டை போடுவோம்.

இந்த ராத்திரியை யாரும் ஒரே நாளில் கலைக்கவில்லை. 1999-இல் மாட்டுத்தாவணியில் பேருந்து நிலையம் திறந்து வெளியூர் பஸ்கள் அங்கே போயின. தேவைதான், மாசி வீதிக்குள் அரசு விரைவுப் பேருந்து திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். பிறகு காய்கறி மார்க்கெட்டும் பூ மார்க்கெட்டும் அதே மாட்டுத்தாவணிக்கு. அதுவும் தேவைதான். பஞ்சாலைகள் தம் பாட்டுக்கு மெலிந்துகொண்டே வந்தன. அவற்றை யாரும் எந்த மனுவிலும் எழுதிக் கொடுக்கவில்லை. 1952-இல் பராசக்தி ஓடிய தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரியது என்று நாங்கள் சத்தியம் செய்கிற தியேட்டர், இடிந்து துணிக்கடையானது. ஒவ்வொன்று போனபோதும் ஒரு நியாயமான காரணமும் கொஞ்சம் கைதட்டலும் இருந்தன. எல்லாம் போன பிறகு மணி பத்தரைக்கு மேலமாசி வீதியில் நடந்தால் ஷட்டர்கள்தான் நீளமாக நிற்கின்றன. பருத்திப்பால் வண்டி ஒன்று, பரோட்டாக் கல் ஒன்று, ஏ.டி.எம். வாசலில் காவலாளி ஒருவர். ரோந்து வண்டி ஒரு சுற்று வந்தால் பரோட்டாக் கல்லும் ஆறிவிடும்.

புதுமண்டபத்தைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்காகக் கட்டிய 124 தூண் மண்டபம். எங்களுக்கு அது மண்டபமல்ல, தையல்காரர்கள் இருக்கும் இடம். ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிக்கூடச் சீருடைத் துணியோடு மதுரையின் தாய்மார்கள் பாதிப்பேர் அங்கே நிற்பார்கள். நாயக்கர் சிலையின் காலடியில் ஒரு மிஷின், அம்மன் கல்யாணச் சிற்பத்துக்குக் கீழே ஒரு மிஷின். தூணுக்கும் தூணுக்கும் கயிறு கட்டித் தைத்த சட்டைகள் தொங்கும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே கல்லில் முதுகைச் சாய்த்தால் சட்டை வழியாகக் குளிர் ஏறும். அளவு எடுக்கும் பாய் என்னைத் தூணோடு ஒட்டி நிறுத்தி, "நேரா நில்லு ராசா, மூச்சைப் பிடிக்காத" என்பார்.

"பாய், வளர்ற பிள்ளை. கீழ நல்லா மடிச்சு வச்சுத் தைங்க."

"ரெண்டு இஞ்சு வைக்கிறேன்மா. அடுத்த வருசமும் இதையே போட்டுக்கலாம்."

"மூணு வைங்க."

மூன்றுதான் வைப்பார். வருடா வருடம் என் கால்சட்டையின் அடியில் பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரியும். எத்தனையாம் வகுப்பில் அவிழ்த்த கோடு என்று எண்ணிச் சொல்லலாம்.

சித்திரை பிறந்தால் அதே மிஷின்கள் வேறு வேலைக்குத் திரும்பும். அழகர் ஆற்றில் இறங்கும்போது வேஷம் கட்டி வரும் பக்தர்களுக்குச் சல்லடம், உருமால், ஜரிகை ஒட்டிய வெல்வெட் சட்டை. தண்ணீர் பீய்ச்சத் தோல்பையும் அங்கேயே கிடைக்கும். இஸ்லாமியத் தையல்காரர் உட்கார்ந்து அழகர் சாமிக்கு வேஷம் கட்டுகிறவருக்கு உடுப்புத் தைப்பதை மத நல்லிணக்கம் என்று யாரும் அப்போது சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாய் சிரித்திருப்பார். அவருக்கு அது சீசன் வேலை. பக்கத்தில் பித்தளைப் பாத்திரம், வளையல், கோலக் குழாய், பஞ்சாங்கம், பழைய பாடப் புத்தகம். அந்தக் கல் மண்டபத்துக்குள் ஒரு முழு ஊர் குடியிருந்தது.

இன்று அந்தக் கடைகள் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்தைப் பழையபடி சுத்தமாக்க வேண்டும் என்பதில் நான் தகராறு செய்ய மாட்டேன். 2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபம் கடைகளோடு எரிந்ததை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த இரவை மறக்க முடியுமா? துணியும் வயரும் நிறைந்த புதுமண்டபத்தில் அப்படி ஒரு தீ பிடித்திருந்தால் சிற்பமும் மிஞ்சாது, தையல்காரரும் மிஞ்சார். சிற்பங்கள் மூச்சு விடட்டும். ஆனால் சத்திரத்தின் மாடிப்படி ஏறி, எண் போட்ட கடைகளின் வரிசையில் தையல்காரரைத் தேடும்போது, இங்கே யார் எதேச்சையாக வருவார்கள் என்ற கேள்வி எழுகிறது. மண்டபத்தில் அம்மனைப் பார்க்க வந்தவர் வழியில் ஜாக்கெட் கொடுத்துவிட்டுப் போவார். மாடிக்கு ஜாக்கெட்டுக்கென்றே வர வேண்டும். நடு ஊர் பிழைப்பதே போகிற போக்கில் நடக்கிற காரியங்களால்தான். அதற்கு எந்த விண்ணப்பப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இதையெல்லாம் அக்காவிடம் ஒரு மாலை அளந்துகொண்டிருந்தேன். அக்கா அதே சந்தில்தான் இன்னும் இருக்கிறாள். மாமாவின் பாத்திரக் கடைக் கணக்கும் அவள் கையில்தான். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு ஒரே போடாகப் போட்டாள்.

"உனக்கென்னடா தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் திரிஞ்சவன். நான் அந்த இட்லிக் கடைப் பெஞ்சுல ஒருநாளாவது உக்காந்திருக்கேனா, கேளு."

உட்கார்ந்ததில்லை. அப்பா கட்டிவந்த பொட்டலம்தான் அவளுக்குத் தெரிந்த ராத்திரி மதுரை.

"கடைத்தெருவுக்குப் போகணும்னா நானும் அம்மாவும் காலையிலருந்து தண்ணி குடிக்க மாட்டோம். நீ எங்கயாவது செவத்தப் பாத்து நின்னுட்டு வந்துருவ. நாங்க? புதுமண்டபத்துல அளவு குடுக்கறப்ப நீ கல்லு குளுந்துச்சுன்ற. எனக்கு எப்படா வீட்டுக்குப் போவோம்னு இருக்கும்."

இப்போது அவள் கடைத்தெருவுக்குப் போனால் நேராக ஒரு பெரிய துணிக்கடைக்குள் நுழைகிறாளாம். வாங்குவதற்கில்லை. மூன்றாவது மாடியில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, ஏ.சி. ஓடுகிறது, உட்கார நாற்காலி இருக்கிறது. "சேலை எடுக்க வந்தவக கூட வந்தேன்னு சொன்னா யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாக" என்றாள். மதுரையில் ஒரு பெண் பைசா கொடுக்காமல் அரை மணி நேரம் உட்கார முடிகிற இடம் தனியார் கடையின் மூன்றாவது மாடி என்றால், நகரின் பொது இடங்களைப் பற்றிக் கருத்துக் கேட்கிற எந்தக் கூட்டமும் முதலில் அக்காவைத்தான் கூப்பிட வேண்டும். அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு மாமாதான் போவார். வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று பேசிவிட்டு வருவார்.

ஊரைச் சீர்படுத்துவது மதுரைக்குப் புதிதுமல்ல. 1840-களை ஒட்டிக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். சம்பளம் கொடுத்து ஆள் வைத்து இடிக்கக் கட்டுப்படியாகவில்லை. இடித்த இடத்தில் மனை தருகிறேன் என்று அறிவித்து ஊர்க்காரர்களையே இடிக்க வைத்தார். வெளிவீதிகள் அப்படிப் பிறந்தவை. அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட்டின் பேரும் பெருமாள் மேஸ்திரியின் பேரும் இன்றைக்கும் வீதிப் பெயர்கள். பிளாக்பர்னின் நினைவாக ஊர்க்காரர்கள் நட்டதுதான் விளக்குத்தூண். தீபாவளிக் கூட்டம் முட்டி மோதுவது ஒரு நகரச் சீரமைப்பு அதிகாரியின் நினைவுச் சின்னத்தின் மேல் என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சுவர் போனதற்கு அழுத கிழவர் ஒருவர் அன்றைக்கும் இருந்திருப்பார். அவர் பேரன் வெளிவீதியில் கடை வைத்திருப்பான்.

1915 வாக்கில் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மதராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் அவற்றில் உண்டு. நகர அமைப்புப் படிப்பவர்களுக்கு இன்றும் அவர் முன்னோடி. வரைபடத்தை மேசையில் விரித்துக் கோடு போடுவதை அவர் ஒப்பமாட்டார். முதலில் சந்து சந்தாக நடந்து பார், ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள், பிறகு எவ்வளவு குறைவாக இடித்தால் போதுமோ அவ்வளவு மட்டும் இடி என்பது அவர் கட்சி. அகலச் சாலை போடுவதே முன்னேற்றம் என்று அதிகாரிகள் நினைத்த காலத்தில் இதைச் சொல்லிப் பகையும் சம்பாதித்தார். அவரை எங்கள் சந்துக்குள் ஒரு ராத்திரி கூட்டிவந்து இட்லிக் கடைப் பெஞ்சில் உட்காரவைக்க எனக்கு ஆசை. அக்காவின் வீட்டுத் திண்ணையிலும்தான். அவள் சொல்வதையும் அவர் குறித்துக்கொள்வார்.

எல்லாம் போய்விட்டது என்று புலம்புகிற கட்டுரையாக இது ஆகிவிடக் கூடாது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறதே. திருமலை நாயக்கர் வெட்டிய குளம், கிட்டத்தட்ட ஆயிரம் அடிச் சதுரம், நடுவில் மைய மண்டபம். நான் சிறுவனாக இருந்தபோது அது எங்களுக்குக் கிரிக்கெட் மைதானம். வைகையில் தண்ணீர் இல்லை, வாய்க்கால் தூர்ந்து கிடந்தது, குளம் வருடக்கணக்காக வறண்டது. ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குள் ஒரே நேரத்தில் பத்து ஆட்டம் நடக்கும். எங்கள் ஆட்டத்தின் மிட் ஆஃப் அடுத்த ஆட்டத்தின் விக்கெட் கீப்பர் மேல் இடித்துக்கொண்டு நிற்பான். பந்து படிக்கட்டில் பட்டால் நாலு, மேலே சுவரைத் தாண்டினால் ஆறு, ஆனால் அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணீர் இல்லாத வருடங்களில் தெப்பம் நிலைத் தெப்பமாகவே நிற்கும். அம்மனும் சுவாமியும் அதில் எழுந்தருளிவிட்டுத் திரும்புவார்கள். திருவிழாவுக்காகக் குளத்தைச் சுத்தம் செய்தால் எங்களுக்குப் பிட்ச் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

அண்மையில்தான் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது குளம் நிறைந்து கிடக்கிறது. சுற்றிலும் சாயங்காலம் நடக்கிறவர்கள், சோளக்கதிர், மாங்காய்த் துண்டு, குழந்தைகளைத் தோளில் வைத்திருக்கும் அப்பாக்கள். சுற்று வட்டாரக் கிணறுகளிலும் ஆழ்குழாய்களிலும் தண்ணீர் ஏறியதாக வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். இதைவிட நல்ல சீரமைப்பு மதுரையில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு புதுக் கட்டடம்கூட வேண்டியிருக்கவில்லை, அடைபட்ட வாய்க்காலைத் திறந்தார்கள், அவ்வளவுதான். என் மைதானம் தண்ணீருக்கடியில் இருக்கிறது. அதற்காக ஏங்குகிறேன், ஆனால் ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் திருப்பிக் கேட்க மாட்டேன். இப்போதைய பையன்கள் எங்கே விளையாடுகிறார்கள் என்று கேட்டால் மட்டும் யாரிடமும் சரியான பதில் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் செயற்கைப் புல் கூண்டுகளைக் காட்டுகிறார்கள். பணம் போட முடியாத பையன்கள் சந்துக்குள் ஸ்டம்புக்குப் பதில் ஸ்கூட்டரை நிறுத்தி ஆடுகிறார்கள்.

சித்திரை வீதிகளும் அப்படித்தான். கோயிலைச் சுற்றிய அந்த நாலு வீதிகளில் வண்டிகளைத் தடுத்துக் கல் பாவியபோது வியாபாரம் செத்துவிடும் என்று பெரிய சத்தம் எழுந்தது. சாகவில்லை. இன்று மாலை ஆறரைக்கு மேல் போனால், பகல் வெயிலை வாங்கிய தரை ஆற ஆறக் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள். வெளியூரிலிருந்து வந்து அறை எடுக்க வசதியில்லாதவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பையன், வீட்டில் பேச இடமில்லாத புதுத் தம்பதி. யாரும் யாரையும் எழுப்புவதில்லை. கோபுரத்தடியில் உட்கார யாரும் எதையும் வாங்க வேண்டியதில்லை. அக்காவும் அங்கே வந்து உட்காருவாள், துணிக்கடை மாடிக்கு அடுத்தபடி. நடு ஊரில் வண்டி போகாவிட்டால் மனிதர்கள் தாமே வந்து நிரப்பிக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. ஆனாலும் பக்கத்து ஆவணி மூல வீதிகளுக்கும் இதைச் செய்யலாமே என்றால் மறுபடி அதே சத்தம்.

தள்ளுவண்டிக்காரர்கள் விஷயத்தில்தான் ஊர்க்காரர்களின் கருத்து எனக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. நடைபாதைக் கடைகளை எடுங்கள் என்று கையெழுத்துப் போடுகிறவரே திரும்பும் வழியில் நடைபாதையில் குனிந்து கொய்யாப் பழம் பொறுக்குகிறார். சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. யார் யார் எங்கே கடை போடலாம் என்று முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையக் கூடாது, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது அது. அந்தச் சட்டம் உள்ளபடியே நடந்தால் மாமா போகும் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் முகமே வேறாக இருக்கும். முன்வரிசையில் பூக்கட்டுகிற அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாமாவுக்கு நாற்காலி கிடைக்குமா என்பது சந்தேகம்.

ராத்திரிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணை போட்டது. அதைப் பின்னர் நீட்டித்தார்கள். செய்தியைப் படித்தபோது, பரவாயில்லை, எங்கள் ராத்திரி திரும்பி வருகிறது என்று துள்ளினேன். பிறகுதான் அந்தப் 10 கண்ணில் பட்டது. எங்கள் சந்து முனை அம்மாவின் மகள் இன்றும் அதே இடத்தில் இட்லி போடுகிறார். பானை எவர்சில்வராகிவிட்டது, அடுப்பு கேஸ். கூட ஒரு பையன். ஆக இரண்டு பேர். பதினொன்றுக்கு அடைக்கச் சொல்கிறார்களாம்.

"பெரிய கடைக்கெல்லாம் விடிய விடிய தெறக்கலாமாமே தம்பி? நெசமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்கக்கா. பத்துப் பேர் வேலைக்கு இருக்கணுமாம்."

"பத்துப் பேரா! சாப்பிட வர்றவகளையும் சேத்து எண்ணச் சொல்லுங்க" என்று துணியை உரித்தார்.

அடுத்த முறை நடு ஊரை என்ன செய்யலாம் என்று யாராவது தாள் நீட்டினால் நான் எழுதப்போவதை முடிவு செய்துவிட்டேன். முதல் வரி இந்தக் கடைக்கு: இரண்டு பேர் கடைக்கும் விடியும்வரை உரிமை. இரண்டாவது வரி, மாசி வீதிகள் நாலிலும் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெண்கள் கழிப்பறை, வாசலில் விளக்கு, உட்காரப் பெஞ்சு. மூன்றாவது, வண்டிகளுக்குக் கட்டிய அடுக்குமாடியின் தரைத்தளத்தில் பூக்காரர்களுக்கும் தையல்காரர்களுக்கும் கொஞ்சம் இடம். அக்காவிடம் படித்துக் காட்டினேன். முதல் வரியையும் இரண்டாவது வரியையும் இடம் மாற்றி எழுதச் சொல்லிவிட்டாள். மாற்றினால்தான் கையெழுத்துப் போடுவாளாம்.